"ஏன்தான் இப்படி வெச்சாங்களோ?" - விளையாட்டாளர்களின் குறை நிறுவனங்களின் காதில் விழுகிறதா?

மாய உலகம். கையில் வாள். மலை உச்சியில் டிராகன். காசு கொடுத்து வாங்கிய காணொளி விளையாட்டை ஆசையாகத் தொடங்குகிறீர்கள்.

வழியில் ஒரு மூலிகைச் செடியைப் பறிக்கிறீர்கள். அவ்வளவுதான். பை நிறைந்துவிட்டது. ஓர் அடிகூட எடுத்து வைக்கமுடியவில்லை.

"அட, ஒரு செடியைப் பறிச்சதுக்கா நடக்க முடியாம நிக்கிறேன்?" என்று அலுத்துக்கொள்கிறீர்களா? உங்களைப் போல் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அலுத்துக்கொண்டிருக்கிறார்கள். கதாபாத்திர விளையாட்டுகள் (சுருக்கமாக 'ஆர்பிஜி') விளையாடுவோர் பல ஆண்டாகச் சொல்லிவரும் குறைகளில் இதுவும் ஒன்று.

அப்படிச் சொல்லப்படும் குறைகள் என்ன ஆகின்றன? நிறுவனங்கள் கேட்கின்றனவா? கேட்டால் எல்லாவற்றையும் மாற்றவேண்டுமா? சில உண்மைச் சம்பவங்களைக் கொண்டு பார்ப்போம்.

கோளாறு வேறு, வடிவமைப்புக் குறை வேறு

முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

• கோளாறு: உருவாக்கியவர் நினைத்தபடி விளையாட்டு இயங்கவில்லை. கதாபாத்திரம் சுவருக்குள் சிக்கிக்கொள்கிறது. திரை உறைந்துபோகிறது. சேமித்து வைத்த ஆட்டம் காணாமல் போகிறது.

• வடிவமைப்புக் குறை: உருவாக்கியவர் நினைத்தபடியேதான் விளையாட்டு இயங்குகிறது. ஆனால் அதுவே விளையாடுபவருக்கு எரிச்சல் தருகிறது.

கோளாறைச் சரிசெய்வது பெரும்பாலும் நிரல் எழுதுவோரின் வேலை. வடிவமைப்புக் குறை அப்படியல்ல. ஒன்றை மாற்றினால் அதோடு சேர்ந்த பத்து விஷயங்களும் மாறும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கடினம் வேறு, எரிச்சல் வேறு. தோற்றுப்போனாலும் "நான் அவசரப்பட்டுட்டேன், அடுத்த தடவை பார்த்துக்கிறேன்" என்று தோன்றினால் அது கடினம். "நான் என்ன தப்பு செஞ்சேன்னே தெரியல" என்று தோன்றினால் அது எரிச்சல். கடினமான விளையாட்டைத் தேடிப்போய் வாங்குவோர் ஏராளம். எரிச்சலை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

19 ஆண்டாகச் சொன்ன குறை

சிங்கப்பூருக்கும் தொடர்புள்ள ஒரு கதையிலிருந்து தொடங்குவோம்.

'த எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஒப்ளிவியன்'. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்ட விளையாட்டு. பரந்த நிலப்பரப்பு, எங்கு வேண்டுமானாலும் போகலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். விளையாட்டாளர்களும் கொண்டாடினார்கள். ஆனால் சில வாரம் விளையாடிய பிறகு பலரிடமிருந்து ஒரே மாதிரியான புலம்பல் கேட்கத் தொடங்கியது.

குறை 1: நீங்கள் வளர்ந்தால் எதிரியும் வளர்கிறான்.

உங்கள் கதாபாத்திரத்தின் நிலை உயர உயர, உலகத்திலுள்ள எதிரிகளும் சேர்ந்து உயர்ந்தார்கள். தொடக்கத்தில் வழிப்பறிக்காரர்கள் பழைய தோல் கவசம் அணிந்திருப்பார்கள். பின்னர் அதே வழிப்பறிக்காரர்கள் உலகிலேயே அரிய, ஆயிரக்கணக்கான பொற்காசு மதிப்புள்ள கவசத்தில் வந்து நிற்பார்கள். நின்று கேட்பது என்ன தெரியுமா? வெறும் 100 பொற்காசு!

"அந்தக் கவசத்தை வித்தாலே வாழ்நாள் பூரா உட்கார்ந்து சாப்பிடலாமே, ஏன்ப்பா வழிப்பறி பண்றே?" என்ற கேலி இன்றுவரை ஓயவில்லை.

கேலி ஒருபக்கம் இருக்கட்டும். வளர்ச்சி என்ற உணர்வே இதனால் அடிபட்டது. நேற்று பயந்து ஓடிய இடத்துக்கு இன்று பலசாலியாகத் திரும்பி வருவதுதான் இத்தகைய விளையாட்டுகளின் சுகம். எல்லாரும் கூடவே வளர்ந்தால் அந்தச் சுகம் எங்கிருந்து வரும்?

குறை 2: வளர்வதற்கே கணக்குப் போடவேண்டியிருந்தது.

இதுதான் பெரிய தலைவலி. அந்த முறை எப்படி இயங்கியது?

• மொத்தம் 21 திறன்கள். அவற்றில் 7, உங்கள் முதன்மைத் திறன்கள்.
• முதன்மைத் திறன்களில் எல்லாம் சேர்த்து 10 படி ஏறினால், ஒரு நிலை உயரலாம். அதற்குப் படுக்கையில் தூங்கி எழவேண்டும்.
• எழும்போது வலிமை, அறிவு, வேகம் போன்ற 8 பண்புகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து உயர்த்தலாம்.
• எவ்வளவு உயரும்? பெரும்பாலான பண்புகளுக்கு 1 முதல் 5 புள்ளிவரை. அந்தப் பண்போடு தொடர்புள்ள திறன்களை அதுவரை எத்தனை படி ஏற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. முழு 5 வேண்டுமென்றால் 10 படி ஏற்றியிருக்கவேண்டும்.

படிக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? விளைவு இன்னும் விசித்திரம். முதன்மைத் திறன்களை இயல்பாகப் பயன்படுத்தினால், போதிய புள்ளிகள் சேருமுன்பே நிலை உயர்ந்துவிடும். நீங்கள் பலவீனமாக இருப்பீர்கள். எதிரிகளோ நிலைக்கு ஏற்ற பலத்துடன் வந்து நிற்பார்கள்.

எனவே விவரம் தெரிந்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். அதிகம் பயன்படுத்தப்போகும் திறனை முதன்மைத் திறனாக வைக்காதே! அதாவது, வாள்வீரனாக ஆசைப்படுபவர் வாள்வீச்சை முதன்மைத் திறனாகத் தேர்ந்தெடுக்கக்கூடாது. தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, இன்று எத்தனை படி ஏறினோம் என்று குறித்துக்கொண்டு விளையாடியவர்கள் உண்டு. நிலை உயரக்கூடாது என்பதற்காக முடிந்தவரை தூங்காமலே ஓட்டியவர்களும் உண்டு.

"விளையாட்டா, கணக்குப் பரீட்சையா?" என்று கேட்காமல் இருப்பார்களா?

'சிவிலைசேஷன் 4' விளையாட்டை வடிவமைத்த சோரன் ஜான்சன் இதைப் பற்றிப் பொதுவாக ஒன்று சொல்லியிருக்கிறார். வாய்ப்புக் கிடைத்தால் விளையாட்டாளர்கள் அதிக இலாபம் தரும் வழியைத்தான் பிடிப்பார்கள். அதில் மகிழ்ச்சி தொலைந்தாலும் பரவாயில்லை என்று போவார்கள் என்பது அவர் கருத்து. இலாபமான வழியே மகிழ்ச்சியான வழியாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது வடிவமைப்பாளரின் பொறுப்பு. ஒப்ளிவியனில் இரண்டும் வேறு வேறு திசையில் போயின.

இரசிகர்கள் சும்மா இருக்கவில்லை

கணினியில் விளையாடியவர்கள் தாங்களே மாற்று நிரல்களை எழுதத் தொடங்கினார்கள். அவற்றை 'மோட்' என்பார்கள். 'ஆஸ்குரோஸ் ஒப்ளிவியன் ஓவர்ஹால்' என்பது அவற்றில் புகழ்பெற்ற ஒன்று. எதிரிகள் உங்களோடு சேர்ந்து வளர்வதை அது பெருமளவு நிறுத்தியது. ஆபத்தான குகை எப்போதும் ஆபத்தான குகைதான். தயாரில்லாமல் உள்ளே போனால், உங்கள் பாடு!

நிறுவனமும் பாடம் கற்றுக்கொண்டது. 2011ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி வெளியான 'ஸ்கைரிம்' விளையாட்டில் அந்த 8 பண்புகளே இல்லை. எந்தத் திறனைப் பயன்படுத்தினாலும் நிலை உயரும். பல இடங்களில் எதிரிகளின் பலத்துக்குக் குறைந்தபட்ச வரம்பும் அதிகபட்ச வரம்பும் வைக்கப்பட்டன. பை நிறைந்தாலும் சிலையாக நிற்கவேண்டியதில்லை, மெதுவாக நடக்கலாம்.

இங்கேதான் சிங்கப்பூர் வருகிறது. சிங்கப்பூரில் தலைமையகம் கொண்ட விர்ச்சுவோஸ் நிறுவனம், பெதஸ்டாவுடன் சேர்ந்து ஒப்ளிவியனைப் புதுப்பித்தது. அந்தப் பதிப்பு 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி வெளியானது. சில நாளிலேயே 4 மில்லியனுக்கும் மேற்பட்டோர் விளையாடிவிட்டதாக பெதஸ்டா அறிவித்தது.

19 ஆண்டாகச் சொன்ன குறைக்கு அதில் பதில் இருந்தது:

• ஒவ்வொரு முறை நிலை உயரும்போதும் 12 புள்ளிகள். விருப்பமான பண்புகளுக்கு நீங்களே பிரித்துக் கொடுக்கலாம். பழைய கணக்கு இல்லை.
• முதன்மைத் திறன் அல்லாதவற்றைப் பயன்படுத்தினாலும் நிலை உயரும்.
• வேகமாக ஓடலாம். பழைய விளையாட்டில் அந்த வசதி இல்லை.

எல்லாமே மாறிவிட்டதா? இல்லை. எதிரிகள் உங்களோடு வளர்வது பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இன்னும் சுவையான ஒன்று: குரல்பதிவின்போது நடிகர் தடுமாறி, மறுபடியும் சொல்கிறேன் என்று சொன்ன வசனம், பழைய விளையாட்டில் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. புதிய பதிப்பிலும் அதை நீக்கவில்லை! இரசிகர்களுக்கு அது செல்லமான தவறு. எந்தத் தவறு எரிச்சல், எந்தத் தவறு பாசம் என்று தெரிந்துவைத்திருப்பதும் கருத்துக் கேட்பதில் அடங்கும்.

புதிய பதிப்புக்கும் புதுக் குறை வந்தது. கடின அளவில் நடுத்தரம் மிக எளிது. அதற்கு அடுத்தது மிகக் கடினம். "நடுவுல ஒண்ணு இருக்கக்கூடாதா?" என்றார்கள் விளையாட்டாளர்கள். அதே ஆண்டு வந்த புதுப்பிப்பில் இரண்டுக்கும் நடுவே ஒரு புதிய அளவு சேர்க்கப்பட்டது. இந்த முறை 19 ஆண்டு ஆகவில்லை. சில மாதமே ஆனது.

அடிக்கடி கேட்கும் மேலும் 3 குறைகள்

1. "பையைச் சுத்தம் பண்றதே வேலையாப் போச்சு!"

பொருள்களைச் சேர்ப்பது இவ்வகை விளையாட்டுகளின் உயிர். அவற்றை அடுக்கி, பிரித்து, விற்பதற்கே பாதி நேரம் போனால்?

'பால்டர்ஸ் கேட் 3' 2023ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டாகப் பல விருதுகளை வென்றது. அதிலும் இந்தக் குறை இருந்தது. உங்களுடன் வராமல் முகாமில் தங்கியிருக்கும் தோழரிடம் ஒரு பொருள் இருந்தால், அவரைக் குழுவில் சேர்த்துத்தான் எடுக்கமுடியும். அதற்கு இன்னொருவரை அனுப்பவேண்டும். எடுத்த பிறகு திரும்பவும் மாற்றவேண்டும். 2023 நவம்பர் இறுதியில் வந்த ஐந்தாவது புதுப்பிப்பு, முகாமிலிருப்போரின் பையையும் நேரடியாகத் திறக்க வழிசெய்தது. சின்ன மாற்றம்தான். ஆனால் நூறு மணிநேரம் விளையாடுபவருக்கு அது பெரிய நிம்மதி.

2. "நடந்து நடந்தே காலம் போயிடுது!"

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2024 மார்ச் 22ஆம் தேதி 'டிராகன்ஸ் டோக்மா 2' விளையாட்டை வெளியிட்டது. அதில் நினைத்த மாத்திரத்தில் ஊர்விட்டு ஊர் போகமுடியாது. மாட்டு வண்டி பிடிக்கலாம். வழியில் அரக்கர்கள் வண்டியைத் தாக்கலாம். மாயக் கல் இருந்தால் தாவலாம். ஆனால் அது எளிதில் கிடைக்காது.

இது தெரியாமல் செய்த தவறல்ல. பயணம் சலிப்பாக இருந்தால் விளையாட்டுத்தான் சலிப்பாக இருக்கிறது என்று பொருள், எனவே வழியைச் சுவாரஸ்யமாக்கவேண்டும் என்பது இயக்குநர் ஹிடெயாக்கி இட்சுனோவின் கொள்கை. அதை இரசித்தவர்கள் பலர்.

கோபம் வந்தது வேறு காரணங்களால். சில வசதிப் பொருள்கள் உண்மைப் பணத்துக்குத் தனியாக விற்கப்பட்டன. ஒரே ஒரு சேமிப்பு இடந்தான் இருந்தது. விளையாட்டை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கும் வசதியும் வெளியீட்டு நாளன்று இல்லை. "பயணத்தைக் கஷ்டமாக்கிட்டு, அதைச் சுலபமாக்கக் காசு கேட்கிறாங்களா?" என்ற சந்தேகம் பரவியது. விற்கப்பட்ட பொருள்களில் பெரும்பாலானவை விளையாட்டுக்குள்ளேயே கிடைப்பவைதான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் விளக்கம் எடுபடுவது கடினம். முதலிலிருந்து தொடங்கும் வசதியை நிறுவனம் சில நாளில் சேர்த்தது.

இதிலிருந்து தெரிவது: விளையாட்டாளர்கள் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். அந்தச் சிரமத்துக்குப் பின்னால் பணநோக்கம் இருப்பதாகத் தோன்றினால் பொறுக்கமாட்டார்கள்.

3. "இவ்வளவு உழைச்சும் ஒண்ணும் கிடைக்கல!"

பிளிஸ்ஸார்ட் நிறுவனத்தின் 'டயப்லோ 3' 2012 மே 15ஆம் தேதி வெளியானது. முதல் 24 மணிநேரத்தில் 3.5 மில்லியன் பிரதிகள் விற்பனையாயின. அரக்கர்களைக் கொல்வது, அவர்களிடமிருந்து விழும் ஆயுதங்களை எடுப்பது, இன்னும் பெரிய அரக்கர்களைக் கொல்வது. இதுதான் ஆட்டம்.

ஆனால் விழுந்தவை பெரும்பாலும் உதவாத பொருள்கள். மந்திரவாதியாக விளையாடுபவருக்கு வேறு வீரருக்கான ஆயுதம் விழும். அரிதிலும் அரிய பொருள் என்று மின்னுவது, எடுத்துப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும்.

காரணம் எங்கே இருந்தது? விளையாட்டுக்குள் ஏலச் சந்தை இருந்தது. ஒன்றில் விளையாட்டுப் பொற்காசு. இன்னொன்றில் உண்மையான பணம். அரிய பொருளைப் பெறச் சிறந்த வழி, அரக்கனைக் கொல்வதல்ல. சந்தையில் வாங்குவது என்று ஆகிவிட்டது. போரைவிடச் சந்தையில் விலை பார்த்து வாங்குவதிலும் விற்பதிலும் அதிக நேரம் செலவிட்டவர்கள் இருந்தார்கள்.

நல்ல நோக்கத்தோடுதான் அந்தச் சந்தை அமைக்கப்பட்டது. வெளியே மோசடிக்காரர்களிடம் ஏமாறாமல் பாதுகாப்பாக வாங்கி விற்க வழிவேண்டும் என்பது நோக்கம். ஆனால் அது ஆட்டத்தின் அடிப்படையையே அசைத்தது. சந்தை விளையாட்டைக் காயப்படுத்திவிட்டது என்று முன்னாள் இயக்குநர் ஜே வில்சன் 2013இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2014 மார்ச் 18ஆம் தேதி இரண்டு சந்தைகளும் மூடப்பட்டன. அதற்குச் சற்று முன்பே புதிய முறை வந்தது: குறைவான பொருள்கள், ஆனால் நல்ல பொருள்கள்; பெரும்பாலும் உங்கள் வீரருக்கு ஏற்றவை.

கவனியுங்கள்: விளையாட்டாளர்களில் பலர் முதலில் சொன்னது "நல்ல பொருள் விழ மாட்டேங்குது" என்பதுதான். உண்மையான காரணம் சந்தை. வலி ஓரிடம், நோய் வேறிடம்.

விளையாட்டையே மூடிவிட்டு மறுபடி கட்டிய கதை

கருத்துக் கேட்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் 2010 செப்டம்பரில் 'ஃபைனல் ஃபேன்டஸி 14' என்ற இணைய விளையாட்டை வெளியிட்டது. புகழ்பெற்ற பெயர். பார்க்க அழகு. விளையாடினால் வேதனை.

• குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் விளையாடினால், கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் குறையத் தொடங்கும். அதிகம் விளையாடியதற்குத் தண்டனை!
• பொருள் வாங்க ஒழுங்கான சந்தை இல்லை. வரிசையாக நிற்கும் பணியாளர்களை ஒவ்வொருவராகத் தட்டி, என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்கவேண்டும்.
• ஒரே மாதிரியான நிலப்பரப்பு மறுபடி மறுபடி வரும்.
• பட்டியலைத் திறப்பதற்கே காத்திருக்கவேண்டும்.

விளையாட்டுக்குள் ஒரு பூந்தொட்டியை வரைவதற்கு, ஒரு மனிதக் கதாபாத்திரத்துக்குச் செலவிட்ட அளவு நுணுக்கத்தைச் செலவிட்டிருந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. பூந்தொட்டி அழகுதான். ஆனால் கணினிக்கு மூச்சு முட்டியது. திரையில் அதிகமானோரைக் காட்டமுடியவில்லை.

2010 டிசம்பரில் பொறுப்பாளர்கள் மாற்றப்பட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மாதக் கட்டணத்தை வாங்காமல் நிறுத்திவைத்தது. புதிய தயாரிப்பாளராக நவோக்கி யோஷிடா வந்தார்.

அவர் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்தார். ஒன்று, இருக்கும் விளையாட்டை மாதாமாதம் சரிசெய்வது. இன்னொன்று, புதிய விளையாட்டை அடித்தளத்திலிருந்து கட்டுவது. விளையாட்டாளர்களிடம் கருத்தாய்வு நடத்தினார். என்ன செய்கிறோம், எதைச் செய்யமுடியாது, ஏன் முடியாது என்று அவர்களுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். பிறகு நேரலையிலும் வந்து பதில் சொன்னார்.

2012 நவம்பர் 11ஆம் தேதி பழைய விளையாட்டு மூடப்பட்டது. அதையும் கதையாக்கினார்கள். வானிலிருந்து ஒரு நிலவு விழுந்து அந்த உலகம் அழிவதாகக் காட்டினார்கள். கடைசிவரை கூட இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே விடைபெற்றார்கள். 2013 ஆகஸ்ட் 27ஆம் தேதி புதிய விளையாட்டு பிறந்தது.

2021 டிசம்பரில் நிலைமை தலைகீழ். கூட்டம் தாங்கமுடியாமல், புதியவர்களுக்கு விற்பதையே நிறுவனம் தற்காலிகமாக நிறுத்தவேண்டியதாயிற்று! விற்பனை 2022 ஜனவரியில்தான் மீண்டும் தொடங்கியது.

எல்லா நிறுவனங்களுக்கும் இது சாத்தியமா? இல்லை. இரண்டு மூன்று ஆண்டு வருமானம் குறைவாக இருந்தும் தாக்குப்பிடிக்கும் பணபலம் தேவை. பல விளையாட்டுகளுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பதில்லை. மூடிவிட்டுப் போய்விடுவார்கள். போட்ட பணமும் நேரமும் விளையாட்டாளருக்கு நட்டம். வேலை செய்தவர்களுக்கு வேலை போகும்.

அப்போ, சொன்னதையெல்லாம் செய்துவிடவேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். 'மேஜிக்: த கேதரிங்' என்ற கற்பனை உலகச் சீட்டு விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர், 2016இல் ஓர் உரையில் இதைச் சுருக்கமாகச் சொன்னார். எங்கே பிரச்சினை என்று கண்டுபிடிப்பதில் விளையாட்டாளர்கள் கெட்டிக்காரர்கள். அதற்குத் தீர்வு சொல்வதில் அவ்வளவாக இல்லை என்பது அவர் அனுபவம்.

மருத்துவரிடம் போகும்போது எங்கே வலிக்கிறது என்று உங்களைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. என்ன மருந்து என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்ளவேண்டும். அதுபோலத்தான்.

'எல்டன் ரிங்' விளையாட்டின் விரிவாக்கம் 2024 ஜூன் 21ஆம் தேதி வெளியானது. "ரொம்ப ரொம்பக் கஷ்டம், எதிரிகளோட பலத்தைக் குறைங்க" என்று பலர் கேட்டார்கள். ஆனால் கடினம்தான் அந்த விளையாட்டின் அடையாளம். அதைக் குறைத்தால் இரசிகர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள்.

என்ன செய்தார்கள்? விரிவாக்கத்தில் உங்கள் பலத்தைக் கூட்டும் சில பொருள்கள் ஆங்காங்கே மறைத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தேடாமலே பலர் பெரிய எதிரிகளிடம் போய் மோதினார்கள். முதலில், அவற்றைத் தேடுங்கள் என்று நிறுவனம் நினைவூட்டியது. பிறகு சில நாளிலேயே, தொடக்கத்தில் கிடைக்கும் பொருள்களின் பலனை அதிகமாக்கியது. விளையாட்டாளர் கேட்ட தீர்வு கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய பிரச்சினை குறைந்தது.

மறுபக்கமும் உண்டு. நிறுவனம் தவறாகக் கணிப்பதும் நடக்கிறது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவரும்படி இரசிகர்கள் கேட்டார்கள். உங்களுக்கு அது வேண்டும் என்று தோன்றுகிறதே தவிர உண்மையில் வேண்டாம் என்ற பொருளில், 2013இல் அதன் தயாரிப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மேடையிலேயே பதில் சொன்னார். இரசிகர்கள் விடவில்லை. 2019 ஆகஸ்டில் பழைய வடிவம் வெளியானது. உள்ளே நுழைய நீண்ட வரிசை!

நிறுவனங்களுக்கு எப்படித் தெரிகிறது?

நீங்கள் எழுதினால்தான் தெரியும் என்று நினைக்கவேண்டாம். பல விளையாட்டுகள் தரவுகளைச் சேகரிக்கின்றன. எந்த இடத்தில் அதிகமானோர் தோற்கிறார்கள், எந்த இடத்தில் விளையாட்டை மூடிவிட்டுப் போய்த் திரும்ப வருவதில்லை என்பதெல்லாம் பதிவாகும்.

ஆனால் தரவு "எங்கே" என்பதைத்தான் சொல்லும். "ஏன்" என்பதைச் சொல்லாது. ஒரு குகையில் எல்லாரும் ஆட்டத்தை விட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிரி பலசாலியா? வழி தெரியவில்லையா? கதை சலிப்பா? அதை மனிதர்கள்தான் சொல்லவேண்டும்.

அதனால்தான் சில நிறுவனங்கள் விளையாட்டை முடிக்கும் முன்பே விற்கின்றன. 'பால்டர்ஸ் கேட் 3' அப்படித்தான் வளர்ந்தது. லேரியன் நிறுவனம் 2020 அக்டோபரில் முதல் பகுதியை மட்டும் வெளியிட்டது. முழு விளையாட்டு 2023 ஆகஸ்டில் வந்தது. இடையில் ஏறத்தாழ மூன்று ஆண்டு, விளையாட்டாளர்கள் சொல்லச் சொல்ல மாற்றங்கள் நடந்தன. எடுத்துக்காட்டாக, எதிரியின் முறை நடக்கும்போது பதிலடி கொடுப்பதா வேண்டாமா என்பதை நாங்களே முடிவு செய்யவேண்டும் என்று பலர் கேட்டார்கள். அந்த வசதி 2022 டிசம்பரில் சேர்க்கப்பட்டது.

இதில் ஒரு கவனம் தேவை. முடியாத விளையாட்டை வாங்குகிறோம் என்பதைத் தெரிந்து வாங்கவேண்டும். முழுமையாக முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நீங்கள் குறை சொல்வது எப்படி?

உங்கள் கருத்து காற்றில் போகாமல் இருக்க, சில யோசனைகள்:

• என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "கேவலமான விளையாட்டு" என்பதால் யாருக்கும் பயனில்லை. "மூன்றாவது குகையில் 10 முறை தோற்றேன். எதிரி எப்போது தாக்குவான் என்பதே தெரியவில்லை" என்பது பயனுள்ள தகவல்.

• உங்கள் நிலையையும் சொல்லுங்கள். எத்தனை மணிநேரம் விளையாடினீர்கள்? எந்தக் கடின அளவு? எந்தக் கருவி? ஒப்ளிவியனின் குறை முதல் 5 மணிநேரத்தில் தெரியாது. 50 மணிநேரம் ஆடியவருக்குத்தான் தெரியும்.

• பிரச்சினையை முதலில், தீர்வைப் பிறகு. தீர்வு சொல்லக்கூடாது என்றில்லை. ஆனால் தீர்வை மட்டும் சொன்னால், எது வலிக்கிறது என்பது மறைந்துபோகும்.

• எது பிடித்தது என்றும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், குறையைச் சரிசெய்யும்போது உங்களுக்குப் பிடித்ததும் சேர்ந்து போய்விடக்கூடும்.

• ஆளைத் தாக்காதீர்கள். விளையாட்டை உருவாக்குவோருக்கு மிரட்டலும் வசையும் வருவது இந்தத் துறையில் உண்மையான பிரச்சினை. வசவு அதிகமானால், அதற்கு நடுவே இருக்கும் நல்ல கருத்தும் கண்ணில் படாது. பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்களும் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

• பிடிக்கவில்லையா? காலம் தாழ்த்தாதீர்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணிநேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பொதுவாகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மற்ற தளங்களின் விதிமுறை வேறுபடும். வாங்குமுன் படித்துப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை விளையாட்டைப் பற்றிப் புலம்பினால், "அப்போ ஆடாதே" என்று உடனே முடித்துவிடாதீர்கள். "எது பிடிக்கல? நீயா இருந்தா எப்படி மாத்துவே?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு முறையை ஆராய்ந்து, குறையைக் கண்டுபிடித்து, தெளிவாக எடுத்துச் சொல்வது எந்த வேலைக்கும் உதவும் பழக்கம்.

சுருக்கமாக

• குறை சொல்வதால் மாற்றம் வருகிறது. ஒப்ளிவியனுக்கு 19 ஆண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 14க்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு. எல்டன் ரிங்குக்குச் சில நாள்.
• கேட்டது அப்படியே கிடைக்கும் என்றில்லை. வலி குறைந்தால் அதுவே வெற்றி.
• சிரமத்தை மன்னிக்கும் விளையாட்டாளர், ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் மன்னிப்பதில்லை.
• நிறுவனம் எதை மாற்றியது என்பதைவிட, ஏன் மாற்றியது, ஏன் மாற்றவில்லை என்று விளக்கிச் சொன்னதா என்பதே நம்பிக்கையை வளர்க்கிறது.

அடுத்த முறை பை நிறைந்து நடுவழியில் நின்றுவிட்டால், கருவியைத் தூக்கி எறியவேண்டாம். எந்த இடத்தில், எதனால் எரிச்சல் வந்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அதைப் படித்துவிட்டு, "ஆமாம்ல, இது நமக்குத் தோணவே இல்லையே" என்று யாராவது ஒருவர் அங்கே சொல்லக்கூடும்.